அறுபத்தைந்தை எண்பதாக்கியவர்

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நினைவுகளை எழுதுகிறவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் மனம் இளகிவிடுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு இளகவில்லை.

நகரியில் பிறந்தவள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்ததும் திருப்பதியில், ரேணிகுண்டா சாலையில் இருந்த ஒரு பிக்கப் வண்டி விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவில் வேலை கிடைத்தது. நான்கு ஆண்டுகள் தினமும் நகரியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். முப்பது ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் நான் ஒருத்திதான் பெண். என் வேலை லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, இன்ஜினை நடத்தும் எலக்ட்ரானிக் பெட்டியைப் படிப்பது. எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்றெல்லாம் உத்தரவு போடுவது அந்தப் பெட்டிதான்.

நாங்கள் விற்ற பிக்கப்பில் ஒரே இன்ஜின்தான். இரண்டரை லிட்டர் டீசல், நான்கு சிலிண்டர். அதையே மூன்று பலத்தில் விற்றார்கள். அறுபத்தைந்து குதிரைச் சக்தி, எழுபது, எண்பது. பேனட்டைத் திறந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வண்டி வாங்க வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அதே இன்ஜின்தானேம்மா? அப்புறம் எதுக்கு வெல மட்டும் வேற?"

நான் பொறுமையாகச் சொல்வேன். வித்தியாசத்தில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிற புரோகிராம். இன்னொரு பாதி கண்ணுக்குத் தெரியாத இரும்பு. எண்பது வண்டியின் டர்போ கொஞ்சம் பெரியது. ரேடியேட்டர் அகலம். கிளட்ச் பிளேட் பெரியது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அதன் பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சி அடித்துச் சூட்டைத் தணிக்கும் சின்னக் குழாய்கள் இருக்கும். அறுபத்தைந்தில் அவை கிடையாது. தேவையும் இல்லை. துணி மூட்டையோ பால் கேனோ ஏற்றிச் சமதரையில் ஓடுகிறவருக்கு அறுபத்தைந்து தாராளம், டீசலும் குறைவாகக் குடிக்கும். மாங்காய் ஏற்றி மலை ஏறுகிறவருக்கு எண்பதுதான் சரி. இதில் பெரியது சின்னது என்று ஒன்றும் இல்லை. யாருக்கு எந்த வேலை என்பதுதான்.

எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சித்தூர்க்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே வேகத்தில் பேசுவார். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவ்வளவு வேலை தெரிந்தவர். என் கோபத்துக்கு அதுதான் பெரிய காரணம். தெரியாமல் செய்திருந்தால் கதை வேறு.

மதியம் ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பங்காருபாளையம் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு அறுபத்தைந்து வண்டிகள் வரும். ஜாப் கார்டு கிடையாது, பில் கிடையாது. சார் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த வண்டிக்குள் எண்பதின் புரோகிராமை ஏற்றிவிடுவார். அதோடு நிற்கமாட்டார். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்பு அந்தப் பெட்டிக்குள் உண்டு. அதையும் அணைத்துவிடுவார். இல்லாவிட்டால் மலையில் வண்டி மெதுவாகிவிட்டது என்று ஓனர்கள் திரும்பி வருவார்களே.

இரண்டு முறை நான் சொல்லிப் பார்த்தேன். முதல் முறை சிரித்தார்.

"ஏம்மா, அதே இன்ஜின்தானே? கம்பெனி வித்தா எண்பது, நான் குடுத்தா தப்பா?"

"பிஸ்டன் தாங்காது சார். அடியில ஆயில் ஜெட் இல்ல."

"இந்தக் கையால எத்தினி இன்ஜின் பிரிச்சிக்கீறேன், எனக்கே சொல்றியா?"

இரண்டாம் முறை சிரிக்கவில்லை. "ஒன் வேலைய நீ பாரு" என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன். அது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு, காலையில் என் பெயரிலும் பாஸ்வேர்டிலும் திறந்த லேப்டாப்பைச் சாப்பாட்டு நேரத்தில் மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனது. அங்கே யாருமே மூடமாட்டார்கள்.

என் நான்காம் ஆண்டு ஜூன் மாதம் பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் சர்வீஸ் ஹாலுக்குள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கனத்த உடம்பு. அவரிடம் ஏழெட்டு பிக்கப்புகள் இருந்தன. பவர் ஏற்ற வண்டியை டிரைவரிடம் கொடுத்து அனுப்பியவர், வேலை யார் கையால் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த வண்டி தோத்தாபுரி மாங்காய் ஏற்றிக்கொண்டு மொகிலி மலைப்பாதை ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது. மூன்று நாள் வெயிலில் கிடந்து சரக்கு முழுக்க வீணாகிவிட்டது. வெளியே ஒரு மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த பிஸ்டனைக் கையில் கொண்டு வந்திருந்தார். அதன் தலை ஒரு பக்கமாக உருகி வழிந்திருந்தது.

"இத யார் செஞ்சது?" என்று அவர் தெலுங்கில் கத்தினார். நிலையத்தின் மேலாளர் கீழே இறங்கி வந்தார். கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒருவரும் கூட இருந்தார். வண்டியை எப்போது, எந்த லாகினில் மாற்றினார்கள் என்று பார்த்தார்கள். என் பெயர் இருந்தது.

சார் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இந்தப் பொண்ணுதான் சார். தனியா காசு வாங்கிக்கினு செய்யுதுன்னு எனக்கும் சந்தேகம் இருந்துது. பொண்ணாச்சேன்னு உட்டுட்டேன்."

மண்டிக்காரர் அந்தப் பிஸ்டனை என் காலடியில் வீசினார். என் செருப்புக்கு ஒரு ஜாண் தள்ளி விழுந்து உருண்டது. "பொம்பளைய இன்ஜின்ல கை வெக்க உட்டா இப்படித்தான்" என்றார், எனக்குப் புரியட்டும் என்று தமிழில். சுற்றி நின்ற முப்பது பேரில் பாதிப் பேருக்காவது உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பேச ஆரம்பித்தேன், குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. அழுததுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய அவமானம். அழுதால் தப்புச் செய்தவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் ஒர்க்‌ஷாப் கோட்டைக் கழற்றி அங்கேயே மேசை மேல் வைக்கச் சொன்னார்கள்.

வீட்டில் நானும் அப்பாவும்தான், நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நைனா முப்பது ஆண்டுகள் பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது மந்தமானதால், அதை விட்டுவிட்டு ஒரு பிக்கப் வாங்கி, நகரியிலிருந்து திருப்பதிக்கும் திருவள்ளூருக்கும் புடவைக் கட்டுகள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் நிலையத்திலேயே வாங்கிய அறுபத்தைந்து வண்டி. எண்பதுதான் வேண்டும் என்று ஆசைப்பட்டவரிடம், 'துணிக்கு எதுக்கு நைனா எண்பது' என்று சொல்லி அதை எடுக்க வைத்தது நான்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"நீ செஞ்சியா?"

"இல்ல நைனா."

"அப்ப ஏன் அழுவுற? துன்னு மொதல்ல."

அதன் பிறகு எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. திருப்பதியிலும் சித்தூரிலும் இருக்கிற வண்டி நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கடைசியில் புத்தூரில் ஒரு சின்ன ஷெட்டில் சேர்ந்தேன். என்னிடம் சொந்தமாக ஒரு ஸ்கேன் கருவி இருந்தது, ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தது. வேலை செய்யும் நேரமெல்லாம் சாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசும்போது மோதிர விரலால் பேனட்டைத் தட்டுகிற விதம், 'பொண்ணாச்சேன்னு உட்டுட்டேன்' என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த இரக்கம். அந்த இரக்கத்துக்காகவே அவரை ஊர் நடுவில் நிறுத்த வேண்டும் என்று தோன்றும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவர் என்னிடம் கெஞ்சுவது போல வசனங்கள் ஜோடிப்பேன். சத்தமாகப் பேசிவிட்டேனோ என்று சில சமயம் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த மாங்காய் சீசன் நெருங்கும்போது ஒரு திட்டம் உருவானது. நைனாவிடம் சொன்னேன்.

"நைனா, நம்ம வண்டிய எடுத்துக்கினு அவர்கிட்ட போ. பவர் ஏத்தித் தான்னு கேளு. சர்வீஸெல்லாம் வீட்லயே நான் பாத்ததால நீ யாருன்னு அவருக்குத் தெரியாது."

"ஏத்துனா இன்னா ஆவும்?"

"வண்டி வேகமா போவும். நான் முன்னாடியும் படிச்சி வெச்சிக்குவேன், அவர் செஞ்ச பின்னாடியும் படிச்சி வெச்சிக்குவேன். கையும் களவுமா மாட்டுவாரு."

"வண்டிக்கு ஒண்ணும் ஆவாதே?"

"நான் பாத்துக்குவேன் நைனா."

அவருக்கு அது போதுமாக இருந்தது. சொல்லப்போனால் என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம். அவர் போனில் எல்லா அழைப்புகளும் தானாகவே பதிவாகும். சாரோடு பேசிய அழைப்பும் பதிவானது. 'எண்பதா ஆக்கிடலாம், சூட்டுக்கு வண்டி நிக்கிற தொல்லையும் இருக்காது, மதியம் ஒன்றரைக்கு வாங்க, ஆபீஸ்ல எதுவும் சொல்லாதீங்க' என்று சார் தெளிவாகச் சொல்லியிருந்தார். தான் புத்தூர்க்காரர் என்று நைனா பொய் சொன்னார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் வண்டியைப் படித்தேன். பெட்டிக்குள் எண்பதின் புரோகிராம். சூட்டுப் பாதுகாப்பு அணைந்திருந்தது. தேதியும் நேரமும் இருந்தன. இந்த முறை, என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பையனின் லாகின்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, நைனாவுக்கு அந்த வண்டி பிடித்துப்போனது.

"பாப்பா, புத்தூர் ரோட்ல பஸ்ஸயே தாண்டிட்டேன். இத்தினி நாளா இத ஏன் எனக்குக் குடுக்கல நீ?" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புடவைக் கட்டுகளோடு சமதரையில் ஓடியதால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தாளு வேலையெல்லாம் முடிஞ்ச பின்னாடி இப்படியே உட்டுடலாமா?"

"உட முடியாது நைனா" என்றேன்.

என்னிடம் இருந்தது காகிதமும் ஒலிப்பதிவும். அதை நிலையத்து மேலாளரிடம் கொடுத்தால் மூடி மறைத்துவிடுவார்கள். எனக்கு மண்டிக்காரர் வேண்டும். பிஸ்டனை வீசிய அதே கை சாரின் சட்டையைப் பிடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நைனாவோடு பங்காருபாளையம் போனேன். மாங்காய் மண்டியில் ஏலம் முடிந்து, மாங்காய் நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீயா? இங்க இன்னா வேலை ஒனக்கு?"

"உங்க கிட்ட கீற அறுபத்தஞ்சு வண்டிங்கள்ல எத்தினிய அந்த சார் எண்பதாக்கிக் குடுத்தாரு?"

அவர் கண் ஓரமாக நின்ற இரண்டு வண்டிகள் பக்கம் போனது. எனக்குப் புரிந்தது, பிறகு அவரே சொன்னார். முதல் வண்டி போன பிறகும், 'இந்த வாட்டி நானே என் கையால செஞ்சி தர்றேன்' என்று சார் சொன்னதை நம்பி, இன்னும் இரண்டைக் கொடுத்திருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் கையை ஆட்டினார்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நம்பரு எழுதி வெச்சா ஆச்சா?"

"அப்ப மலையில பாருங்க. எங்க வண்டி அறுபத்தஞ்சு, அவர் எண்பதாக்கினது. உங்க கிட்ட கம்பெனி எண்பது ஒண்ணு கீது. கை வெக்காத அறுபத்தஞ்சு ஒண்ணு கீது. மூணுலயும் அறுபது அறுபது கிரேடு ஏத்துங்க. மொகிலி ஏறலாம். எது எப்படி ஏறுதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

அவர் நைனாவைப் பார்த்தார். "வண்டி போச்சுன்னா?"

நைனா என்னைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு பாத்துக்கும்" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நைனா ஓட்ட, நான் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கம்பெனி எண்பதில் மண்டிக்காரர் தன் டிரைவரோடு வந்தார். தொடாத அறுபத்தைந்தை இன்னொரு டிரைவர் ஓட்டினார். மலை அடிவாரத்தில் மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, சேர்ந்து புறப்பட்டன.

முதல் இரண்டு வளைவுகளில் எங்கள் வண்டிதான் முன்னால். நைனா மூன்றாவது கியரிலேயே கம்பெனி எண்பதைத் தாண்டினார். தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மண்டிக்காரரைப் பார்த்து ஆட்டினார், தேர்வில் முதலாக வந்த பள்ளிப் பையன் மாதிரி. பின்னால் கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தது. தொடாத அறுபத்தைந்து எங்கேயோ கீழே இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு வந்தது.

என் லேப்டாப்பில் புகைக்குழாயின் சூடு ஓடிக்கொண்டிருந்தது. எழுநூறு டிகிரி. எழுநூற்று இருபது. நான் எனக்குள் ஒரு எல்லை வைத்திருந்தேன். எழுநூற்றைம்பது வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். ஏறும் சூட்டை மண்டிக்காரரிடம் காட்டினால் போதும், இன்ஜின் சாக வேண்டியதில்லை. நைனாவிடம் நான் சொன்ன 'பாத்துக்குவேன்' அதுதான்.

எழுநூற்றைம்பது வந்தது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பாதுகாப்பைத்தான் அணைத்திருந்தாரே.

"எல்லாம் சரியா கீதா பாப்பா?" என்று கேட்டார் நைனா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மண்டிக்காரர் கையை ஆட்டி 'நம்பரு எழுதி வெச்சா ஆச்சா' என்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. திரையில் ஏறும் எண்ணை அவர் நம்பமாட்டார். என் காலடியில் வீசினாரே, அப்படி ஒன்று கண் முன்னால் உருகினால்தான் நம்புவார்.

"சரியா கீது நைனா. போ" என்றேன்.

இன்னும் இரண்டு வளைவுகள். எழுநூற்றுத் தொண்ணூறு. எண்ணூற்று இருபது. அந்த இரண்டு வளைவுகளிலும் நான் நைனாவைப் பார்க்கவில்லை. அவர் வாயில் ஏதோ ஒரு மெட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு இன்ஜினுக்குள் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். வண்டி குலுங்கியது. நைனா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளைப் புகை பின்னால் சாலையையே மறைத்தது. "பாப்பா, இழுக்கல... பாப்பா!" என்றார். ஒன்றேகால் டன் மாங்காய் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் நின்று, பின்னால் ஓர் அடி நகர்ந்தது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் குதித்து இறங்கி, சாலையோரக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். விரல் நசுங்கியதுகூட அப்போது தெரியவில்லை.

கம்பெனி எண்பது சீராக எங்களைக் கடந்து போய் மேலே நின்றது. ஐந்து நிமிடம் கழித்து, தொடாத அறுபத்தைந்து அதே முனகலோடு, அதே அறுபது கிரேடோடு, எங்களைத் தாண்டி மெதுவாக ஏறிப் போனது. நைனா வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்று, அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டிக்காரர் இறங்கி நடந்து வந்தார். எங்கள் பேனட்டைத் திறந்து பார்த்தார். நான் நைனாவின் போனை வாங்கி, சார் பேசிய பதிவை ஓடவிட்டேன். மலைச்சாலையில் லாரிகள் போகிற சத்தத்துக்கு நடுவே சாரின் குரல் கேட்டது. மண்டிக்காரர் இரண்டு முறை ஓடவிடச் சொன்னார்.

"அன்னிக்கு நான் ஒன்ன பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"அத இங்க சொல்லாதீங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் ஒன்பது பிக்கப் ஓனர்களோடு ரேணிகுண்டா சாலை நிலையத்துக்கு வந்தார். எல்லோரும் சாரிடம் வண்டியைக் கொடுத்தவர்கள். நைனாவோடு நானும் போனேன். போகாமலிருந்தால் அத்தனை மாதம் வளர்த்த கோபத்துக்கு என்ன அர்த்தம்? ஓனர்கள் தெலுங்கில் கத்தியதைக் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். மண்டிக்காரர் போனை மேசை மேல் வைத்து ஒலிப்பதிவைப் போட்டார். சார் என்னைப் பார்த்தார். நைனாவையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முதலில், "லாகின் என்னுது இல்ல சார். அந்தப் பையனோட லாகின்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "போன வருசம் லாகின் என்னுது சார். இந்த வருசம் அவனுது. உங்களுக்கு எப்பத்தான் லாகின் வரும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். போன வருடம் வாய் மூடி நின்றவர்களும்தான். மண்டிக்காரர் நான் கனவு கண்டது போலவே சாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். இரண்டு பேர் சேர்ந்து விலக்கினார்கள். காலரின் பட்டன் ஒன்று அறுந்து கீழே விழுந்தது. அதை சார் குனிந்து தேடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இனித்தது.

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். எனக்கு வேலை வேண்டாம் என்றேன். ஒரு கடிதம் வேண்டும். என் மேல் தப்பு இல்லை, செய்தவர் இன்னார் என்று எழுத வேண்டும். அதை சர்வீஸ் ஹால் நடுவில், போன வருடம் நான் நின்ற இடத்தில் நின்று, எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். சாரும் அங்கே நிற்க வேண்டும்.

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"அப்ப கம்பெனிக்கு நான் எழுதிக்கிறேன்."

அன்று மாலை நான்கு மணிக்கு மேலாளர் படித்தார். தெலுங்கில் ஒரு முறை, நான் கேட்டதால் தமிழில் ஒரு முறை. மண்டிக்காரர் தான் பேசியதற்கு மன்னிப்பு என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பின்னால் வந்து, தாழ்ந்த குரலில், "ஏம்மா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க படிச்சிக்கினு கீறாங்க" என்றார்.

"பொண்ணாச்சேன்னு உட்டுடணுமா சார்?" என்று கேட்டேன். அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நைனாவின் வண்டிக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தே மாற்றியதால். புத்தூர் ஷெட்டுக்கு இழுத்து வந்து நானே இன்ஜினைப் பிரித்தேன். இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகியிருந்தது, சிலிண்டர் சுவரில் ஆழமான கோடுகள். மண்டிக்காரர் கொஞ்சம் உதிரி பாகங்கள் அனுப்பினார். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நைனா வேறு ஒருவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். சாப்பாடு எடுத்துக்கொண்டு தினமும் ஷெட்டுக்கு வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்ப்பார்.

ஒரு நாள், நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மலையில சூடு ஏறுனது, ஒன் பொட்டியில தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். லேப்டாப் எனக்கு மட்டும்தான் புரியும்.

"தெரிஞ்சுது நைனா."

"நான் கேட்டனே."

"கேட்ட."

"பின்னாடி உருண்டிருந்தா நீயும்தான் போயிருப்ப" என்றார். தான் போயிருப்பேன் என்று சொல்லவில்லை. டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வண்டியை அறுபத்தைந்தாகவே திருப்பிக் கட்டிக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிற நாட்களில் எதையும் என்னிடம் கேட்பதில்லை. மீட்டரைத் தானே பார்த்துக்கொள்கிறார். சாரை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. இதை நினைத்துக் கெட்டிருக்கிறது.

போன மாதம், சார் நாயுடுபேட்டையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் தலைமைப் பொறுப்பு. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒர்க்‌ஷாப் முதலாளி மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் ஒரு வண்டியின் மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக ட்ரேயில் வைத்துவிட்டு, கைகளைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நைனா வாசலில் புடவைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்த?"

"நாயுடுபேட்டை."

அவர் கைகள் நின்றன. "அந்தாளு அங்கியா கீறான்?"

"இருந்தாரு."

"போதும் பாப்பா" என்றார்.

"அவர் இன்னொரு எடத்துல சேர்ற வரைக்கும் போதும் நைனா" என்றேன்.

அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார் போல. முதல் கட்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.